இசட் டிரைவில் ஒரு கல்யாணம்

போன வாரம் ஜெர்லினை அவள் வீட்டு லேப்டாப்பின் முன்னால் வாயடைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். பொழுது மட்டும் விடிந்திருக்கிறது.

புதிதாகக் கடைக்குள் நுழைகிறவர்களுக்காகச் சரக்கை ஒருமுறை விரித்துக் காட்டிவிடலாம். ஜெர்லின் முத்தியால்பேட்டை மருமகள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் கடல் அரிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பொதுவாக ஒரு சேமிப்பிடம் உண்டு. யார் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அது 'இசட்' என்ற எழுத்தோடு வந்து நிற்கும். ஒரே அறை, எல்லார் இடுப்பிலும் சாவி.

அந்த அறையிலிருந்துதான் விக்ரமின் ஃபைல்கள் காணாமல் போயிருந்தன. விக்ரம் அவளுக்கு இளையவன், அதே ஆய்வுக்கூடம். ஒரு வருஷமாகக் கனகசெட்டிக்குளம் கரையில் ஜிபிஎஸ் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து, மணல் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று அளந்தவன். கருவி தந்தது தந்தபடி இருக்கும் ஃபைல்களுக்கு 'ரா' என்று பேர். அதைச் சமைத்துப் பரிமாறினால் 'ஃபைனல்'. ஃபைனல் பத்திரமாக இருந்தது. ரா துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. தேர்வாளரோ ராவைக் காட்டு என்று உட்கார்ந்திருந்தார். காட்டாவிட்டால் விக்ரம் இன்னொரு வருஷம் மணலில் நடக்க வேண்டும்.

"கம்ப்யூட்டர் சென்டர்ல கேட்டுட்டேன்க்கா. வராதுன்னுட்டாங்க" என்று அவன் சொன்னபோது ஜெர்லின் அவனோடு சேர்ந்து அழுதாள். சேர்ந்து சர்வரைத் திட்டினாள்.

நேற்று மாலை வீட்டில் இசட்டைத் திறந்தபோது, விக்ரமின் ஃபோல்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. 'லூர்துபிரகாஷ் வெட்ஸ் பெனிஷா.'

ஜெர்லினின் கணவன் நெல்சன் கல்யாண வீடியோ எடுப்பவன்.

*

"ஏங்க, இது உங்க வேலையா?"

வாயில் பிரஷ்ஷோடு வந்த நெல்சன் குனிந்து திரையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஆமா. முழுசா ஏறிடுச்சா? அன்னிக்கு ராத்திரி பூரா ஆமை மாதிரி ஏறிச்சு. டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"இது டிஸ்க்கு இல்லங்க. காலாப்பட்டு."

"எது?"

"இசட். இந்த லேப்டாப்புல இல்ல அது. யுனிவர்சிட்டில இருக்கு. இங்க தெரியறது வெறும் ஜன்னல்."

நெல்சன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வந்தால் போதும், அதுவரை அடக்கி வைத்த கல்யாணமெல்லாம் கோயில் வாசலில் வரிசை கட்டும். அவனிடமிருந்த ஹார்ட் டிஸ்க்குகள் எல்லாம் நிரம்பி வழிந்த வாரத்தில்தான் இந்தக் கல்யாணத்தை எடுத்தான். மனைவியின் லேப்டாப்பைத் திறந்தான். சி-யில் இடமில்லை, டி-யில் இடமில்லை. கடைசியில் ஒன்று, பெரிதாக, திறந்த வாசலாக. பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று லேப்டாப் கேட்ட அன்று, வைத்துக்கொள் என்று அமுக்கியவள் ஜெர்லின். அதனால் வாசலில் அவனை யாரும் நிறுத்தவில்லை.

"பீரோ நம்புளுதுன்னா உள்ள இருக்கற லாக்கரும் நம்புளுதுன்னுதான நெனைப்பாங்க" என்றான்.

"வெச்சதோட விட்டீங்களா?"

"இடம் பத்தலைன்னு காட்டிச்சு. விக்ரம்னு ஒரு ஃபோல்டர். உள்ள ஃபைனல் இருந்துச்சு, ரா இருந்துச்சு. ஏதோ பழைய பார்ட்டி, நான்தான் எப்பவோ உன் லேப்டாப்புல போட்டிருப்பேன்னு..."

"அழிச்சிட்டீங்க."

"ஃபைனல தொடலையே! ஆல்பம் டெலிவரி ஆயிடுச்சுன்னா ராவ யாரு வெச்சு அழுவுறது? எங்க லைன்ல எல்லாரும் அப்பிடித்தான்."

ஜெர்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். திருடியிருந்தால் சண்டை போடலாம். இவன் தொழில் சுத்தமாகச் செய்திருக்கிறான்.

"ரீசைக்கிள் பின்ல பாத்தியா?" என்றான் மெதுவாக.

"நெட்வொர்க்ல அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்கு வராது."

அடுக்களையில் ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த மாமியார் ஆனந்தமேரி, கையைத் துடைக்காமலே வந்து நின்றாள். முக்கால்வாசி புரியவில்லை. வேண்டிய கால்வாசி புரிந்துவிட்டது.

"இன்னாடா, யார் சாமானையோ தூக்கிப் போட்டுட்டியா?"

"தெரியாம போட்டுட்டேம்மா."

"திரும்பி வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு ஜெர்லி."

"வரும் அத்தை. அங்க ஒவ்வொரு நாளும் ஒரு நகல் எடுத்து வெப்பாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பழசு தானா போயிடும். இவரு அழிச்ச நாளுக்கு முந்தின நகல் இன்னிக்கு சாயங்காலத்தோட போயிடும்."

"அந்தப் பையன் கேட்டு இல்லன்னுட்டாங்கன்னு நீதான சொன்ன?" என்றான் நெல்சன்.

"எந்த நாள் அழிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியாது. எப்பிடிக் கேட்டானோ. எனக்கு இப்ப நாள் தெரியும், கல்யாண ஃபோல்டர் மேலயே தேதி இருக்கு."

"அப்ப போய்க் கேளு, போ" என்றாள் ஆனந்தமேரி.

"கேட்டா, உனக்கு எப்பிடித் தெரியும்பாங்க அத்தை. என் பேர்ல குடுத்த வழி அது. வெளியாளுக்குத் தெறந்து விடக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

"கட்டின புருசன் வெளியாளா?"

"இந்த விஷயத்துல அவருதான் மொத வெளியாளு."

ஆனந்தமேரி மகனைப் பார்த்தாள். மகன் பிரஷ்ஷைப் பார்த்தான்.

"வெளியில அனுப்பிடுவாங்களா உன்ன?"

"தெரியல. விசாரணை வெப்பாங்க. இவ்ளோ வருஷம் படிச்சது நட்டாத்துல நிக்கும்."

பிழிந்த தேங்காய்ப்பால் ஆனந்தமேரியின் விரலிலிருந்து தரையில் சொட்டியது.

"சொல்லாம விட்டா?" என்றான் நெல்சன்.

"சர்வர் மேல பழி போகும். விக்ரம் ஒரு வருஷம் நடப்பான். அவங்க அப்பா மில்லு மூடினதுலேர்ந்து வீட்ல. அம்மா மணியம்மாள்தான் நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சுப் படிக்க வெக்கறாங்க. நான் தெனம் அவன் மூஞ்சியப் பாத்து 'டீ குடிச்சியாடா'ன்னு கேக்கணும்."

நெல்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அதற்குமேல் சொல்வதற்கு அவனிடம் ஒன்றுதான் பாக்கி. சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம்.

"ஜெர்லி... அந்தக் கல்யாணம் வேற எங்கயும் இல்ல. மறுநாளே இன்னொரு ஆர்டர். கேமரா கார்ட காலி பண்ணிட்டேன்."

"அடப் பாவி!" இதைச் சொன்னது மருமகள் இல்லை, அம்மா.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெல்சனின் பைக் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. ஜெர்லினின் மடியில் ஒரு பை, அதற்குள் நெல்சன் கடன் வாங்கிவந்த காலி ஹார்ட் டிஸ்க். அங்கேயே உட்கார்ந்து எடுத்தால் சீக்கிரம் இறங்கிவிடும் என்று அவள்தான் சொன்னாள். முதலில் கல்யாணத்தைக் காப்பாற்றுவது, பிறகு உண்மையைச் சொல்வது. வீட்டில் மூன்று பேரும் பேசிப் பேசிப் படிந்த ஏற்பாடு இது. நல்ல பேரம் எல்லாவற்றையும் போல இதிலும் யாருக்கும் திருப்தியில்லை.

"நானும் உள்ள வந்து சொல்றேன்" என்றான் நெல்சன், காற்றுக்கு மேல் கத்தி.

"இன்னான்னு சொல்வீங்க?"

"தப்பு என்னுதுன்னு."

"உங்கள அங்க யாருக்குங்க தெரியும்? அவங்க ரிஜிஸ்டர்ல இருக்கறது என் பேரு. கேட்டாண்ட நில்லுங்க. கூப்ட்டா வாங்க."

போன் அடித்தது. ஆனந்தமேரி. ஜெர்லின் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டாள்.

"பெனிஷாவோட அம்மா வந்து உக்காந்திருக்கா" என்றது அத்தையின் ரகசியக் குரல். "மாப்ள பையன் நாளன்னிக்கு பிரான்சுக்குப் போறானாம். வீடியோவ கையோட எடுத்துக்கினு போவணுமாம். அவங்க பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்கற சொல்தா குடும்பம், இவனப்போல நாலு வீடியோகாரன வெலைக்கு வாங்குவாங்க. இன்னா சொல்லட்டும்?"

"பாட்டு சேத்துக்கினு இருக்காருன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன். எந்தப் பாட்டுன்றா."

"அத்தை!"

"சரி சரி. ஆப்பம் வெச்சிருக்கேன். மூணாவது ஆப்பம் வரைக்கும் தாங்குவா."

*

ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் இருக்காது. ஜெர்லின் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கல்யாணத்தை இழுத்து அதில் போட்டாள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது.

வீட்டில் ஓர் இரவு முழுக்க ஏறியது, இங்கே கண்ணெதிரே இறங்கியது. இருந்தாலும் காத்திருப்பவளுக்கு அது நத்தைதான்.

சரியாக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு ஃபைலைத் திறந்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். திரை முழுவதும் பெனிஷா, வெள்ளைப் புடவையும் தலையில் முக்காட்டுத் துணியுமாக, தாலிக்குக் கழுத்தைக் குனித்து நின்றாள். ஸ்பீக்கர் அணைக்கப்படவில்லை. கோயில் பாடகர் குழு ஆய்வுக்கூடம் அதிரப் பாடியது.

"இது எந்தக் கடற்கரை ஜெர்லின்?"

வாசலில் ஆதிலட்சுமி மேடம். ஆய்வுக்கூடத்தின் தலைவி. கையில் டிபன் டப்பா.

ஜெர்லின் ஒலியை நிறுத்தினாள். படத்தை நிறுத்தத் தோன்றவில்லை. பெனிஷா ஊமையாகத் தாலி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் எடுத்த வீடியோ மேடம்."

"அது நம்ம இசட்ல என்ன பண்ணுது?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. சொன்னாள். லேப்டாப், இடமில்லாத டிஸ்க், ஆல்பம் கொடுத்துவிட்டால் ராவை அழிக்கும் வழக்கம், எல்லாம். அழவில்லை. அழுதால் பாதியில் நின்றுவிடும் என்று தெரியும்.

ஆதிலட்சுமி மேடம் கேட்டு முடித்து டிபன் டப்பாவை மேசையில் வைத்தார். மெல்லத்தான் வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"சாயங்காலம் தெரியும் மேடம்."

"காலைல வந்து சொல்லாம, முதல்ல கல்யாணத்த எடுத்துக்க வந்த."

"ஆமா மேடம்."

"விக்ரமோட வருஷத்தவிட கேசட்டு முக்கியம்."

"எனக்கு ரெண்டும் வேணும் மேடம்."

மேடம் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கம்ப்யூட்டர் சென்டரில் வேம்பு என்பவர் எடுத்தார்.

"வேம்பு, எங்க குரூப் ஃபோல்டர். விக்ரம் பேர்ல ஒண்ணு. நீங்க மீட்க முடியாதுன்னு சொன்னது. இப்ப அழிஞ்ச தேதிய ஜெர்லின் சொல்லிட்டா." தேதியையும் சொன்னார்.

"முடியாதுன்னு நாங்க சொல்லலையே மேடம்" என்றது வேம்புவின் குரல். "அந்த ஃபோல்டருக்கு யாரும் கேக்கவே இல்ல."

"விக்ரம் கேட்டானே?"

"எங்ககிட்ட வரல மேடம். கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்போம். இப்பவும் நகல் இருக்கு. சாயங்காலம் ஆனா போயிடும்."

ஆதிலட்சுமியும் ஜெர்லினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாரையாவது கேட்டிருப்பான், சின்னப் பையன் என்று ஜெர்லின் நினைத்தாள். மேடம் என்ன நினைத்தார் என்பது முகத்தில் வரவில்லை.

"உடனே எடுங்க. இன்னொண்ணு. ஜெர்லினோட அக்கவுண்ட நிறுத்தி வைங்க. காரணம் நான் எழுதி அனுப்பறேன்."

"இப்பவேவா மேடம்?"

"இப்பவே."

பச்சைக் கோடு நின்றது. பாதிக்குக் கொஞ்சம் மேலே. கோயில் இறங்கிவிட்டது, விருந்து இறங்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"கேட்ல நிக்கறார் மேடம்."

"வரச் சொல்லு. என் ரூமுக்கு."

*

மேடம் அறைக்குப் போகும் வராந்தாவில் நெல்சன் சட்டையை உள்ளே செருகிக்கொண்டே வந்தான். கல்யாண வீட்டில் ஃபாதரையே தள்ளி நில்லுங்க என்று சொல்லுகிறவனுக்கு, இங்கே கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எவ்ளோ எறங்கிச்சு?" என்றான்.

"தாலி வரைக்கும்."

"கேக்கு வெட்டறது?"

"அத விடுங்க இப்ப. நீங்க மொதல்ல உள்ள போங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவன் உள்ளே போனதும் படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஏறிவரும் சத்தம். விக்ரம். சாப்பிட்ட கையைக்கூட சரியாகக் கழுவியிருக்கவில்லை.

"அக்கா, கம்ப்யூட்டர் சென்டர்லேர்ந்து எனக்கு மெசேஜ் வந்துது. ஃபோல்டர மீட்டுட்டாங்களாம். நீங்கதான் நாள் சொன்னீங்களாம்."

ஜெர்லின் அவன் தோளைத் தொட்டாள். காலையிலிருந்து முதல்முறையாக ஒரு மூச்சு ஒழுங்காக வந்தது.

"ஆமாடா. என்ன மன்னிச்சிடு. எங்க வீட்டுக்காரரு தெரியாம அழிச்சிட்டாரு. எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல, உன்னுது வந்துடுச்சு."

விக்ரமுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"வேணாம்னு சொல்லிடுங்கக்கா."

"என்னடா?"

"தேதிய மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. வேற நாள் நகல்னு சொல்லுங்க. மேடம் தெறக்கறதுக்குள்ள."

"நீ சென்டர்ல கேக்கவே இல்லையா?"

அவன் வராந்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை அமுக்கினான்.

"நவம்பர் இல்லக்கா."

"எந்த நவம்பர்?"

"மழை அடிச்ச நவம்பர். டிசம்பரும் இல்ல. அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. நான் கரைக்கே போகல. ஃபைனல்ல இருக்கறது நானா போட்டது. அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவுல எப்பிடி இருந்திருக்கும்னு பாத்துப் போட்டேன்."

மழைக்கால மணல்தான் அந்த ஆராய்ச்சியின் உயிர். அந்த இரண்டு மாதத்துப் படத்தைத்தான் மேடம் போன கருத்தரங்கில் பெருமையாகத் திரையில் போட்டுக் காட்டினார்.

"ரா காணோம்னதும் நான் பயந்துதான் போனேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நெல்சன் அண்ணன் எனக்குப் பண்ணது உபகாரம்க்கா. தேர்வாளர் திட்டிட்டு, ஃபைனல வெச்சே விட்டிருப்பார். மேடமே லெட்டர் எழுதித் தரேன்னாங்க. நீங்க ஏன்க்கா தேடிக் குடுத்தீங்க?"

"உனக்காகத்தான்டா குடுத்தேன்."

"தெரியும்." கழுவாத கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "எங்கம்மாவுக்கு இது தெரிஞ்சா செத்துடுவாங்க."

உள்ளேயிருந்து மேடத்தின் குரல்.

"விக்ரம் வந்துட்டானா? ரெண்டு பேரும் வாங்க. ஃபோல்டர் வந்துடுச்சு."

அறைக்குள் நெல்சன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனை வறுத்து முடித்திருந்த மேடத்தின் முகத்தில் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. போன சரக்கு வந்து சேர்ந்த திருப்தி.

"நீ பிழைச்சடா விக்ரம்" என்றார். "பாரு, நாள் நாளா அப்படியே இருக்கு. இத அப்படியே தேர்வாளருக்கு அனுப்பிடலாம்."

மவுஸின் உருளை நகர்ந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதை எடுத்த தேதிதான் பேர். ஆகஸ்ட் ஏறிப் போனது. செப்டம்பர் ஏறிப் போனது. விக்ரம் திரையைப் பார்க்கவில்லை, சுவரோரமாக நின்றிருந்தான்.

அக்டோபர் முடிந்த இடத்தில் மேடத்தின் விரல் நின்றது.

மேலே போய், மறுபடி கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த ஃபைல் ஜனவரி.

"ரெண்டு மாசம் காணோம்."

மேடம் மெல்லத் திரும்பினார். விக்ரம் பக்கம் அல்ல. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவன் பக்கம். பிறகு அவன் மனைவி பக்கம்.

"ஜெர்லின், உண்மையச் சொல்லு. இதுக்கு முன்னாடியும் உன் வீட்டுக்காரர் உள்ள வந்து அழிச்சிருக்காரா?"

நெல்சன் ஒன்றும் புரியாமல் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். சுவரோரமாக நின்ற விக்ரமும் இப்போது அவளைத்தான் பார்த்தான். அழிந்தது திரும்பிவந்த செய்தி கேட்டு வராத உயிர் அவன் முகத்தில் இப்போது வந்திருந்தது.